செம்புக் குட்டுவத்தில் நாலு காலன் பெட்ரோல்

ஒரு வீட்டில் ஒரே ஒருவன் மட்டும் படித்திருப்பது ஆபத்து. ஒருவருமே படிக்கவில்லை என்றால் எல்லோரும் பயந்து, நாலு பேரிடம் கேட்டு நடப்பார்கள். எல்லோரும் படித்திருந்தால் சண்டை போட்டாவது சரியானதைக் கண்டுபிடிப்பார்கள். ஒருவன் மட்டும் படித்திருந்தால், அவன் வாயில் வந்ததெல்லாம் வேதவாக்கு.

எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். திருவனந்தபுரத்தில் போய் வேதியியல் படித்து பி.எஸ்சி. தேறி (மூன்றாம் வகுப்பு, அதை அப்போது ஒருவரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை), வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊறுகாயில் பூசணம் பிடித்தாலும், தென்னையில் குரும்பை உதிர்ந்தாலும் அம்மா என்னிடம்தான் காரணம் கேட்பாள். ‘தெரியாது’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குணத்தால் என் மயினியின், அதாவது அண்ணன் மனைவியின், உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு செங்கல் என்ற ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவில். அப்போது திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. காலையில் எழுந்தால் இன்றைக்குப் பஸ் ஓடுமா, கடை திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஊர் எந்தப் பக்கம் போகும் என்பதைவிட, நெய்யாற்றின்கரைப் பம்பில் பெட்ரோல் உண்டா என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய கேள்வி. ஏனென்றால் என் அண்ணன் தங்கையன் பாறசாலை சந்திப்பில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். உலக யுத்தத்துக்கு முன்னால் வந்த வண்டி. முன்னால் இரும்புக் கைப்பிடி செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும்.

அந்த வருஷம் ரோசம்மா மயினி உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த முதல் பிள்ளை. தெற்கே பதினைந்து மைல் தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை கிடக்கிற கிடை சரியில்லை, வலி கண்டவுடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாளுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

பெட்ரோல் இனி வராது என்று ஒரு வதந்தி கிளம்பியபோது அண்ணன் ஓடிப்போய் நாலு காலன், அதாவது பதினெட்டு லிட்டர், வாங்கி வந்தான். சீல் வைத்த தகர டின், கழுத்துவரை நிறைந்திருந்தது. “இது ரோசம்மாக்க ஆஸ்பத்திரிக்கு உள்ளது. நான் செத்தாலும் தொடமாட்டேன்” என்றான். காரின் டாங்கியிலேயே ஊற்றி வைக்கலாமே என்று மயினி கேட்டாள். சவாரி கேட்டு ஆள் வந்தால் தன்னால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது என்று அண்ணனே ஒத்துக்கொண்டான். டின்னை என் கையில் கொடுத்து, “நீயாக்கும் படிச்சவன். கெட்டுப் போகாம பாத்துக்கிடு” என்றான்.

அதுவரை பெட்ரோல் கெட்டுப்போகும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. (வேதியியல் பட்டதாரி.) பால் கெடும், மீன் கெடும். மண்ணுக்கடியில் பல லட்சம் வருஷம் கிடந்த எண்ணெய்க்கு இனி என்ன கெடுதல் வந்துவிடும்? ஆனாலும் பொறுப்பு என்று ஒன்று கையில் வந்தால் ஏதாவது செய்யாமல் இருக்க முடிகிறதா? டின்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். தகரம். தகரம் என்றால் உள்ளே இரும்பு. இரும்பு என்றால் துரு. துரு பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் அடைக்கும். ஆகவே துருப்பிடிக்காத பாத்திரம் வேண்டும். என் மூளை இந்த நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறி, நேராக அடுக்களைப் பரண்மேல் போய் நின்றது. அங்கே கல்யாண வீடுகளுக்குத் தண்ணீர் சுடவைக்கிற செம்புக் குட்டுவம் இருந்தது. வாய் அகன்ற பெரிய பாத்திரத்துக்கு எங்கள் ஊரில் குட்டுவம் என்று பெயர். செம்பு துருப்பிடிக்காது. இதைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறு உண்டா?

புளி போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, டின்னின் சீலை உடைத்து முற்றத்தில் வைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக் கேசவன் சேட்டன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பட்டாளத்தில் ஆறு வருஷம் மோட்டார் வண்டி பழுதுபார்த்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மலையாளக் குடும்பம், போராட்டத்தில் அந்தப் பக்கம். ஆனால் அதுவரை எங்களுக்குள் வேலி தாண்டிக் கறிவேப்பிலை போய்வருகிற பழக்கம்தான்.

“எடே சத்தியா, டின்னை எந்தினா பொட்டிச்சது? அது அப்படியே இருந்தோட்டே” என்றார். எதற்கு உடைத்தாய், அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம்.

“இரும்பு துருப்பிடிக்கும் சேட்டா. ஆக்சிடேஷன்” என்றேன். ஆங்கில வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

அவர் என் முகத்தையும் குட்டுவத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “செரி, நீ படிச்சவன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலியான டின் கிணற்றடியில் வாளியாக வேலைக்குச் சேர்ந்தது.

குட்டுவத்தின் வாயை மரப்பலகையால் மூடி, வீட்டை ஒட்டிய சாய்ப்பில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து அம்மா வந்து பலகையைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

“எண்ண வாசம் மாறியது போல இருக்கு மக்கா.”

“இது எண்ண இல்ல அம்மா, பெட்ரோலு.”

“எண்ண இல்லேன்னா பின்ன என்னது, மோரா? வெளிச்செண்ண காறிப் போகாம இருக்க நான் என்ன செய்வேன்? பத்து நல்லமொளகு போட்டு, ஆழ்ச்சைக்கு ஒருக்க வெயிலு காட்டுவேன். நம்ம வீட்டுல எந்த எண்ண காறியிருக்கு, சொல்லு?”

உண்மையிலேயே எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் ஒருநாளும் காறியதில்லை. நான் யோசித்தேன். வெயிலில் வைத்தால் எண்ணெயில் இருக்கிற ஈரம் போகும்; ஈரம் போனால் கெடாது. பெட்ரோலிலும் ஈரம் இருக்கலாம் அல்லவா? அம்மாவின் கைப்பக்குவத்துக்கும் என் படிப்புக்கும் இப்படி ஒரு சம்பந்தம் கூடி வந்ததில் எனக்கு மகா சந்தோஷம். அன்றைக்கே குட்டுவத்தின் வாய்க்கு மெல்லிய வேட்டித் துணியால் வேடு கட்டி (தூசி விழக்கூடாது பாருங்கள்) முற்றத்து வெயிலில் வைத்தேன். அம்மா பத்து நல்லமிளகை எண்ணிப் போட்டாள். இருபதடி தள்ளி அடுக்களையில் தென்னமட்டை எரிந்துகொண்டிருந்தது. அன்று எங்கள் வீடு எரியாமல் இருந்ததற்குக் கர்த்தருடைய கிருபையைத் தவிர வேறு காரணம் எதையும் என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமைதோறும் வெயில். மூன்றாவது சனிக்கிழமை சந்தேகம் தட்டியது. ஈர்க்குச்சியை விட்டு அளந்து பார்த்தேன். மட்டம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. நாலாவது வாரம் இன்னும் மூன்று விரல்.

இப்போது நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். பெட்ரோலை வெயிலில் வைத்தால் ஆவியாகாதா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்கும். எனக்கு அது தோன்றவே இல்லை, நம்புங்கள். ஆவியாதல் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதினவன் நான். ஆனால் அது பரீட்சை. இது எங்கள் முற்றம். முற்றத்தில் ஒரு பொருள் குறைந்தால் ஒரே ஒரு காரணம்தான் உண்டு, களவு.

அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் முழுக்கப் பலாமரத்து மறைவில் உட்கார்ந்து காவல் காத்தேன். ஒரு கோழி வந்தது. ஒரு காக்கை மூடுபலகையில் உட்கார்ந்துவிட்டு, வாசனை பிடிக்காமல் பறந்து போயிற்று. வேறு யாரும் வரவில்லை. ஆனாலும் என் கண்ணுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஊரெல்லாம் பெட்ரோல் இல்லாமல் வண்டிகள் முடங்கிக் கிடந்த அந்தக் காலத்தில், கேசவன் சேட்டனின் பழைய பட்டாள மோட்டார் சைக்கிள் மட்டும் தினமும் படபடவென்று போய்வந்துகொண்டிருந்தது. அது எதில் ஓடுகிறது? தண்ணீரிலா?

கேட்க வேண்டியது அவரிடம். நான் கேட்டதோ பாறசாலை சந்திப்புச் சாயாக்கடையில், பத்துப் பேர் முன்னிலையில். “பக்கத்து வீட்டுல பட்டாளக்காரன் இருந்தா பெட்ரோலு காலியாகத்தானே செய்யும்” என்றேன். சாதாரணக் காலமாக இருந்தால் அந்தப் பேச்சு சாயாவோடு முடிந்திருக்கும். அது சாதாரணக் காலமில்லையே. “கேட்டியாலே, தமிழனுக்க பெட்ரோலையும் விட்டு வைக்கல்ல” என்று ஒருவன் சொல்ல, மாலைக்குள் அது ஊர்ச்செய்தி ஆகிவிட்டது. மறுநாள் கேசவன் சேட்டன் வேலியோரம் வரவில்லை. கறிவேப்பிலைப் போக்குவரத்து நின்றது. மயினி மட்டும் என்னைக் கூப்பிட்டு, “சத்தியா, நீ கண்ணால கண்டியா?” என்று கேட்டாள். நான் ஏதோ மழுப்பினேன். குற்றவுணர்ச்சியா என்றால் அதுவும் இல்லை. துப்பறிந்த பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன் என்பதை இன்று சொல்லவே கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து, கடையடைப்பும் மறியலும் அறிவித்திருந்த ஒரு நாள், விடிந்து கொஞ்ச நேரத்தில் மயினிக்கு வலி கண்டது. நாள் கணக்குக்குப் பத்து நாள் முன்னாலேயே. பஸ் கிடையாது, மாட்டுவண்டிகூடக் கிடையாது. அதனால் என்ன, எங்களிடம்தான் பெட்ரோல் உண்டே! அண்ணன் குட்டுவத்தைத் தூக்கிவந்து, புனல் வைத்து டாங்கியில் சாய்த்தான். நாலு காலனில் இரண்டுக்கும் குறைவாகத்தான் மிச்சமிருந்தது. நிறம் பால் ஊற்றாத கட்டன்சாயாவில் பாதி. அண்ணன் மூக்கைச் சுளித்து, “இது என்னலே, வார்னிஷ் மணம்?” என்றான். “பழகிப்போன பெட்ரோலு அப்படித்தான், வீரியம் கூடியிருக்கும்” என்றேன். அவன் நம்பினான். நான் படித்தவன் அல்லவா?

கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றியதும் வண்டி கர்ஜித்துக் கிளம்பியது. மயினியும் அம்மாவும் பின்னால், நான் முன்னால். மறியல்காரர்கள் கூடுவதற்கு முன்பே பாறசாலை சந்திப்பைத் தாண்டிவிட்டோம். நான் திரும்பி, “பாத்தீங்களா?” என்று ஒரு பார்வை பார்த்தேன். உண்மையில் அதுவரை ஓடியது குழாயிலும் கார்புரேட்டரிலும் தங்கியிருந்த பழைய நல்ல பெட்ரோல். இஞ்சிவிளை நெருங்கும்போது என் பெட்ரோல் போய்ச் சேர்ந்தது. வண்டி ஒரு தும்மல் தும்மியது, இருமியது, குலுங்கியது, நின்றது.

அண்ணன் கைப்பிடியைச் சுற்றினான். பத்து, இருபது, முப்பது. அவன் சட்டை முழுக்க நனைந்தது. எஞ்சின் அசையவில்லை. பின்சீட்டில் அம்மா வேதப்புத்தகத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். மயினி பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப்பிடியைப் பற்றியிருந்தாள். வலி ஒருமுறை வந்து அடங்கியதும் என்னைப் பார்த்தாள்.

“சத்தியா, இந்த வண்டிய ஓட வைக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஊருல ஆரு உண்டு?”

எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

“பின்ன ஏன் நிக்கிய? போ” என்றாள்.

ரோட்டோரத்து வீடு ஒன்றில் சைக்கிளைக் கெஞ்சி வாங்கி மிதித்தேன். மூன்று மைல். வழியெல்லாம் என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். ஒரு வாக்கியமும் அமையவில்லை. கேசவன் சேட்டன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்ற என்னைக் கண்டு துணியை உதறினார்.

“கள்ளன்டெ வீட்டில் எந்தா காரியம்?”

“சேட்டா... மயினி... வண்டி நின்னு போச்சு. இஞ்சிவிளையில...”

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பலாமரத்து நிழலில் மணலைத் தோண்டினார். கழுத்துவரை புதைத்து வைத்திருந்த தகர டின் ஒன்று வெளியே வந்தது. மூடி இறுக்கி, அதன்மேல் மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. அசைத்தால் தளும்பும் சத்தம்கூட இல்லை, அவ்வளவு நிறைவு. மூடிமேல் எந்த மாதம் நிறைத்தது என்று சாயத்தால் எழுதியிருந்தார். முடங்கிய ஊரில் அவர் வண்டி ஓடிய ரகசியம் இதுதான். இப்படி மூன்று டின். பழையதை முதலில் செலவழித்து, கிடைக்கும்போது புதியதைப் புதைப்பார்.

டின்னை என் மடியில் வைத்துப் பின்னால் உட்காரச் சொன்னார். வண்டி ஓட ஓட, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

“நீ பெட்ரோலை எவிடெ வச்சிருந்தே?”

“செம்புக் குட்டுவத்துல.”

“மூடி?”

“வேட்டித் துணி. வெயிலு காட்டும்போ மட்டும்.”

“வெயிலு காட்டினியோ!”

மோட்டார் சைக்கிள் ஒரு வளைவு வளைந்து நேரானது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். “எடே மண்டா, வெயில் கொண்டுபோயி. நான் அல்ல, வெயில்!” என்றார். அந்த நிமிஷத்தில்தான், பரீட்சையில் எழுதிய இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து என் ஞாபகத்துக்கு வந்தது.

பாறசாலை சந்திப்பில் நாற்பது பேர் ரோட்டை மறித்து நின்றார்கள். நான் சைக்கிளில் போனபோது தமிழன் என்று விட்டவர்கள், இப்போது கேசவன் சேட்டனைக் கண்டதும் சூழ்ந்துகொண்டார்கள். மறியல் நாளில், அந்தக் கட்சிக்காரன், மோட்டார் சைக்கிளில், பெட்ரோல் டின்னோடு. வேறு என்ன நினைப்பார்கள்?

“டின்னுல என்னது? எங்க தீ வைக்கப் போறான்?”

ஒருவன் வண்டியின் சாவியில் கை வைத்தான். கேசவன் சேட்டன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் மலையாளம் வரும், வந்தால் இன்னும் கெடும் என்று அவருக்குத் தெரியும். நான் டின்னைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினேன்.

“எனக்க மயினி இஞ்சிவிளையில வண்டியில வலியோட கிடக்கா. இது அவளுக்கு உள்ள பெட்ரோலு. சேட்டன் தந்தது. விடுங்க.”

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சாயாக்கடையில் என் பேச்சைக் கேட்டவன்.

“எலே, நீதானே சொன்ன, இவன் உனக்க பெட்ரோல களவாண்டான்னு? களவாண்டவன் எதுக்கு திருப்பித் தாறான்?”

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். கேசவன் சேட்டன் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் ஒன்று சொல்லித் தப்பலாமா என்று என் மனம் அப்போதும் தேடியது. கிடைக்கவில்லை. மயினியின் பல் கடித்த முகம்தான் வந்தது.

“நான் பொய் சொன்னேன்” என்றேன். “சேட்டன் எடுக்கல்ல.”

“பின்ன ஆரு எடுத்தா?”

“வெயிலு.”

“என்னது?”

“வெயிலு எடுத்துட்டுப் போச்சு. நான் பெட்ரோல வெளிச்செண்ண மாதிரி வெயிலுல காயவச்சேன். அம்ம நல்லமொளகும் போட்டா.”

பாறசாலை சந்திப்பு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கொடி பிடித்தவன் கொடியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். சாவியில் கை வைத்தவன் வயிற்றில் கை வைத்தான். “பி.எஸ்சி. ஆக்கும், பி.எஸ்சி.!” என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சிரிப்பிலேயே வழி திறந்தது. ஆறேழு பேர், தள்ள வேண்டி வந்தால் உதவலாம் என்று, பின்னாலேயே ஓடிவந்தார்கள். வண்டியை மறிக்க வந்தவர்கள் வண்டியைத் தள்ளப் போனது அந்தப் போராட்டத்திலேயே அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

இஞ்சிவிளையில் மயினி நினைவோடு இருந்தாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது. கேசவன் சேட்டன் அவளிடம், “பேடிக்கண்டா மோளே, பத்து மினிட்டு” என்று தைரியம் சொல்லிவிட்டு வண்டிக்கடியில் புகுந்தார். டாங்கியைக் காலி செய்து, குழாயைக் கழற்றினார். அதன் வாயில் என்னவோ அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நல்லமிளகு. ஊறிப் பருத்திருந்தது.

“தங்கையா, இது காரோ, ரசமோ?”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. கார்புரேட்டரின் சின்னத் துளைகளில் பழுப்பாக ஒரு பசை, பலாச்சக்கை வெட்டிய கத்தியில் ஒட்டுகிற அரக்கைப் போல, பிடித்திருந்தது. அதையெல்லாம் சுரண்டிக் கழுவி, மெழுகு உடைத்து நல்ல பெட்ரோலை ஊற்றினார். அண்ணன் கைப்பிடியைச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் மயினியை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெண் குழந்தை. தாயும் சுகம். இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்றியிருக்க முடியும் என்று அண்ணனிடம் தனியாகச் சொன்னாளாம். நான் மயினியைக் கொல்லப் பார்த்தேன். அதுவும் படித்த படிப்பை வைத்தே.

உள்ளே போய்ப் பார்த்தபோது மயினி கேட்ட முதல் கேள்வி, “சேட்டன்கிட்ட மன்னிப்பு கேட்டியா?”

வெளியே மரத்தடியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். “சேட்டா, மன்னி...” என்று தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

“நாப்பது பேரு கேட்க நீ சொல்லியாச்சு. இனி என்ன சொல்ல? ஒண்ணு மட்டும் ஓர்மை வச்சோ. இனி உன் வீட்டுல ஒரு சாதனம் காணாம போனா, முதல்ல மேல பாரு. பின்ன போதும், பக்கத்து வீட்டைப் பாக்குறது.”

மறுநாளே கறிவேப்பிலை வேலி தாண்டியது. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. வெயில் பாதியைக் கொண்டுபோனது சரி. மிச்சம் ஏன் வார்னிஷ் ஆயிற்று? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் ஐந்து காலி மருந்துக் குப்பிகள் வாங்கினேன். சேட்டனிடம் கொஞ்சம் நல்ல பெட்ரோல் கேட்டேன். (“ரசம் வைக்கவோ?” என்று கேட்டுவிட்டுத்தான் தந்தார்.) ஒன்றை நிறைய ஊற்றி, இறுக்க மூடி, வீட்டை விட்டுத் தள்ளி நிழலில் மணலில் புதைத்தேன். ஒன்று பாதிக் குப்பி, மீதி காற்று. ஒன்றை மூடி வெயிலில் வைத்தேன். ஒன்றில் செம்புக் கம்பித் துண்டு. ஐந்தாவதில், அம்மாவுக்கு மரியாதையாக, இரண்டு நல்லமிளகு.

நாலு மாதம் கழித்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒவ்வொன்றிலும் சில துளி விட்டு உலரவைத்தேன். புதைத்தது ஒரு தடமும் இல்லாமல் பறந்துபோயிற்று. பாதிக் குப்பி மெல்லிய மஞ்சள் வளையம் விட்டது. வெயிலில் இருந்தது அதைவிடத் தடித்த வளையம். செம்புக் கம்பி போட்டதுதான் எல்லாவற்றிலும் மோசம். விரலில் ஒட்டினால் விடாத பசை. பெட்ரோல் காற்றோடு சேர்ந்துதான் பசையாகிறது. சூடு அதை அவசரப்படுத்துகிறது. செம்பு கூடவே நின்று இரண்டையும் தூண்டிவிடுகிறது. துருவுக்குப் பயந்து நான் தேடிப்பிடித்த பாத்திரம், பெட்ரோலுக்கு என் வீட்டிலேயே இருந்த மிகப் பெரிய எதிரி. டின்னை உடைக்காமல் நிழலில் சும்மா விட்டிருந்தாலே போதும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு முறை என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

மிளகு நன்மையும் செய்யவில்லை, தீமையும் செய்யவில்லை என்று அம்மாவிடம் அறிக்கை சமர்ப்பித்தேன்.

“போட்டதுனாலதான் அந்த மட்டுல நின்னுது. போடாம இருந்தா அன்னைக்கு இதைவிட மோசமா போயிருக்கும்” என்றாள்.

எல்லை பிரிந்தது. எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது, இஞ்சிவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராகி ஓய்வும் பெற்றேன். இப்போது எங்கள் வீட்டு ஜெனரேட்டருக்கு ஒரு டின் பெட்ரோல் உண்டு. நிறைத்து, இறுக்கி மூடி, தேதி எழுதி, வெளிச்சாய்ப்பு நிழலில் இருக்கும். இப்போதைய பெட்ரோலில் சாராயம் கலக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தையும் குடிக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஸ்கூட்டரில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிட்டுப் புதியது வாங்குகிறேன். கெடாமல் வைக்க மருந்தும் விற்கிறார்களாம். நான் வாங்கவில்லை. பெட்ரோலில் எதையாவது போடப்போகிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள்.

கேசவன் சேட்டன் சாகும்வரை அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார். அவர் சொல்லாத இடத்தில் அண்ணன் சொன்னான். அன்று பிறந்த லில்லிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தன் பேரப்பிள்ளைகளுக்கு அவள் சொல்கிறாள், ஒவ்வொரு முறையும் மிளகின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

போன மாதம் லில்லியின் மகனுக்குக் கல்யாணம் கழிந்து விருந்து. புதுமருமகளின் ஒரு கம்மலைக் காணவில்லை. அவள் அழுதுகொண்டே, “காலையில அறை கூட்ட வந்த அக்கா மட்டும்தான்...” என்று தொடங்கினாள். உடனே முற்றத்தில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், லில்லி, அவள் மகன், சின்னப் பிள்ளைகள், நான், தலையை அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தோம். மருமகள் பயந்துபோய்ப் பேச்சை நிறுத்திவிட்டாள். நாங்கள் ஜெபம் செய்கிறோம் என்று நினைத்தாளாம்.

கம்மல் அரை மணி நேரத்தில் தலையணை உறைக்குள் கிடைத்தது. கூட்ட வந்த அந்தப் பெண் அப்போது பின்பக்கம் பந்தி இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தன்னைப்பற்றி இப்படி ஒரு பேச்சு வர இருந்தது என்றே அவளுக்குத் தெரியாது.